ஊரி குளறுகிறது: மட்டக்களப்பு வாவியில் கேட்கும் சத்தம் பற்றி

மட்டக்களப்புக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பார்கள். "உண்மையாவே இங்க மீன் பாடுமா?" கேட்பதில் பிழையில்லை. மீன்பாடும் தேன்நாடு என்று நாமே ஊருக்குப் பேர் வைத்திருக்கிறோம். சிலை வைத்திருக்கிறோம், கடைப் பலகைகளில் எழுதியிருக்கிறோம், கவியரங்கத்துக்கு வரும் ஒவ்வொரு கவிஞரும் முதல் நாலு வரிக்குள் அந்த மீனைப் பிடித்துவிடுகிறார். ஆனால் கேள்வியை நேரே கேட்டால் நம்மில் பலர் சிரித்து மழுப்பிவிடுவோம்.

நான் முப்பது வருசத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஒவ்வொரு வருசமும் ஏதாவதொரு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி இதைக் கேட்கும். "விஞ்ஞான ரீதியாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்பது என் வழக்கமான பதில். பிழையில்லாத பதில்தான். ஆனால் அந்தப் பதிலால் ஒரு பிள்ளைக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன். கேட்ட பிள்ளை திருப்பி, "சேர், நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று ஒரு தரம் கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். ஏனென்றால், நான் கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் வாவியில் தோணி வைத்துத் தொழில் செய்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு நிலாக் காலத்தில் வாப்பாவையும் என்னையும் கல்லடிப் பாலத்துப் பக்கம் கூட்டிப்போனார். போகும் முன்பே வீட்டில் சண்டை. "ராவையில புள்ளயக் கொண்டு ஆத்துக்குப் போறயா? அது ஜின்னுட சத்தம் வாப்பா. மீனும் இல்ல கீனும் இல்ல" என்று உம்மம்மா தலைவாசலில் நின்று ஏசினார். ஆயத்துல் குர்ஸி ஓதி என் நெஞ்சில் ஊதிவிட்டுத்தான் விட்டார்.

பாலத்தைத் தாண்டி ஓரிடத்தில் மாமா தோணியை ஓட விட்டுவிட்டுத் துடுப்பைத் தண்ணிக்குள் நட்டுப் பிடித்தார். மேல் நுனியை என் காதில் வைத்தார். "மூச்சப் புடிச்சிட்டுக் கேளு மனெ." முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ரீங்காரம் வந்தது. ஆழமான கிணற்றின் அடியில் நாலைந்து தவளைகள் ஒன்றாகக் கத்த, அதைப் பக்கத்து வளவில் நின்று கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. துடுப்பைக் காதிலிருந்து எடுத்தால் நின்றுவிட்டது, வைத்தால் வந்தது.

"மீனா மாமா?" என்றேன்.

"மீன் எங்க பாடுற? இது ஊரி. அடியில கிடக்கிற ஊரி குளறுது."

ஒரே ராத்திரியில் எனக்கு மூன்று விளக்கங்கள் கிடைத்துவிட்டன. உம்மம்மாவுக்கு அது ஜின். பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்கு மீன். தண்ணியிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஊரி.

அந்தக் கடைசி விளக்கத்தை நான் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. பின்னொரு நாள் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதியதைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். ஆட்சியாளர் என்ற வகையில் அவர்மீது நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது அவர் செய்த காரியம் ஒன்று எனக்குப் பிடிக்கும். வாவியின் அடியிலிருந்து இசை போன்ற சத்தம் வருகிறது என்று ஊரார் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. மீனவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். நிலா எழும்பிய பிறகு அவர்களுடனேயே ஒரு தோணியில் ஏறினார். கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ இருநூறு யார் தூரம் போனதும், காற்றும் அலையும் இல்லாத அந்த ராவில், சத்தத்தைத் தன் காதால் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வு போல இருந்தது என்பது அவர் சொன்ன உவமை. ஒரே நீளமான சுரமாக இல்லாமல், தனித்தனியான பல சிறிய சத்தங்கள் கீச்சுக் குரலும் கட்டைக் குரலுமாகக் கலந்து கேட்டதாகவும் எழுதுகிறார்.

அதோடு விடவில்லை. கரையிலுள்ள பூச்சிகளின் சத்தம் தண்ணியில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்த்தார். அதற்கு இடமில்லை என்று கண்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தார், சத்தம் கூடியது. தோணி நகர்ந்தபோது சில இடங்களில் சத்தம் பலமாகவும் சில இடங்களில் அறவே இல்லாமலும் இருந்தது. பழைய இடத்துக்குத் திரும்பி வந்தால் மீண்டும் கேட்டது. ஆகவே சத்தம் போடுவது எதுவோ அது ஓரிடத்தில் நிலையாகக் கிடக்கிறது. மீன் என்றால் ஓடித் திரியும். எனவே மீனவர்கள் சொல்வதுபோல் சிப்பி, நத்தை வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. மீனவர்கள் அவருக்குச் சில ஓட்டு நத்தைகளைப் பிடித்தும் கொடுத்தார்கள்.

அந்தப் பிராணிக்குத் தமிழில் என்ன பேர் என்று அவர் கேட்டிருக்கிறார். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, 'அழும் சிப்பி' என்று பொருளும் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்துக்களைக் கூட்டி உரக்க வாசித்துப் பாருங்கள். "ஊரி குளறுகிறது" என்றுதான் எனக்குக் கேட்கிறது. அது பேரே இல்லை, ஒரு வசனம். ஊரி என்றால் சிப்பி, குளறுவது என்றால் கத்தி அழுவது. இன்றைக்கும் நம் வீடுகளில் "ஏன் இப்பிடிக் குளறுறாய்" என்று கேட்கிறோம். துரை பேரைக் கேட்க, அந்த மீனவர் என்ன நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நூற்றிருபது வருசத்துக்குப் பிறகு என் மாமாவும் அதே இரண்டு சொல்லைத்தான் சொன்னார். அவர் டெனன்டைப் படித்தவரல்ல, கையெழுத்துப் போடவே சிரமப்படுவார்.

இனி, பாலத்துக்கு வருவோம். கல்லடிப் பாலத்தடியில்தான் மீன் பாடும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். பாலத்தின் தூண்களில் நீரோட்டம் மோதும் சத்தமே அது என்று அடித்துச் சொல்கிற படித்தவர்களையும் கண்டிருக்கிறேன். லேடி மெனிங் பாலம் என்ற அந்தப் பழைய இரும்புப் பாலம் கட்டப்பட்டது 1924இல். அப்போதைய தேசாதிபதி சேர் வில்லியம் மெனிங்கின் மனைவி பேரில் வந்த பாலம். டெனன்ட் சத்தத்தைக் கேட்டது அதற்கு எழுபத்தாறு வருசத்துக்கு முன்னால், கோட்டைப் பக்கத்தில். பாலம்தான் பாடுகிறது என்ற கட்சி அங்கேயே தோற்றுப்போகிறது. சந்தேகப்படுகிறவர் சொல்வதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

துடுப்பைக் காதில் வைக்கும் வழக்கத்தில் ஏதோ மாந்திரீகம் இருப்பதாக உல்லாசப் பயணிகளுக்குக் கதை சொல்வார்கள். அதில் இருப்பது பௌதிகம். சத்தம் காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும், நீரில் 1500 மீற்றர். ஆனால் நீருக்குள் பிறந்த சத்தம் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வருவது மிகக் கடினம். அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும், மிச்சமெல்லாம் திரும்ப உள்ளேயே போய்விடும். மரம் அப்படியல்ல, நீரின் அதிர்வை வாங்கிக் காதுவரை கொண்டுவரும். நம் மீனவர்கள் எந்த ஆய்வுகூடத்திலும் படிக்காமல் ஒரு நீரொலிவாங்கியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். பின்னால், மட்டக்களப்பிலிருந்த இயேசு சபைக் குரு லாங் அடிகளார் நிஜமான ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி இந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆகவே சத்தம் இருக்கிறதா என்ற கேள்வி அப்போதே முடிந்துவிட்டது. யார் போடுகிறார் என்பதுதான் மிச்சம்.

முழுநிலாவில்தான் பாடும் என்பார்கள். இருக்கலாம். சில மீன்களின் இனப்பெருக்கம் நிலவின் வளர்தேய்வோடு சேர்ந்தே நடக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் நிலாக் காலத்தில்தான் போகிறார்கள். கும்மிருட்டில் யார் பெண்டாட்டி பிள்ளையோடு தோணியில் போவார்? அமாவாசையில் துடுப்பை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதி வைத்தவர் யாராவது உண்டா? தோட்டத்தில் கிழக்கு மூலையை மட்டும் தேடிவிட்டு, மாங்காய் கிழக்கில்தான் விழும் என்று சொல்கிற கதைதான் இது.

சத்தம் போடும் மீன்கள் உலகத்தில் நிறைய. நம் சந்தையிலேயே உண்டு. உயிரோடு பிடித்த கெளிறு கையில் கரகரவென்று முனகுவதை மீன் வெட்டும் எந்தப் பெண்ணும் அறிவார். பல மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை, அதையொட்டிய தசைகளால் பறை போல அதிரவைத்துச் சத்தம் எழுப்புகின்றன. கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே படகு வீடுகளில் வாழ்கிறவர்களை 1980களின் நடுப்பகுதியில் ஒரு ரீங்காரம் ராத்திரி ராத்திரியாகத் தூங்கவிடாமல் பண்ணியது. கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், கடற்படை ஏதோ இரகசிய வேலை செய்கிறது என்றார்கள். கடைசியில் ஜோன் மெக்கோஸ்கர் என்ற மீனியல் அறிஞர், அது தவளைமீன் குடும்பத்தைச் சேர்ந்த மிட்ஷிப்மேன் என்ற மீன் என்று காட்டினார். ஆண் மீன் கல்லுக்கடியில் கூடு பிடித்துக்கொண்டு, பெண்ணை அழைக்க மணிக்கணக்காக முனகும். அதன் தசை செக்கனுக்கு நூறு தடவை அளவில் சுருங்கி விரிகிறது.

இதை அறிந்தபோது டெனன்டின் வாதத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. சத்தம் ஓரிடத்தில் நிற்கிறது, ஆகவே மீனல்ல என்றார் அவர். கூடு காக்கும் ஆண் மீன் ஒரே கல்லுக்கடியில் வாரக்கணக்காகக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்டது சரி. கண்டதிலிருந்து எடுத்த முடிவு மட்டும் ஆட்டம் காண்கிறது. நத்தைக்குக் குரலெழுப்ப ஓர் உறுப்பும் இல்லை. அது கல்லில் ஓட்டை உரசினால் ஒரு 'டிக்' வரலாம், ரீங்காரம் வராது. கீச்சும் கட்டையும் கலந்து கேட்டது என்பதைப் பார்த்தால் ஒரே இனமாக இல்லாமல் பல இனங்கள் சேர்ந்து போடும் கூச்சலாகவும் இருக்கலாம். என்னிடம் பந்தயம் கட்டச் சொன்னால் மீன் பக்கம்தான் கட்டுவேன். ஆனால் இந்த மீன்தான் என்று வாவியிலிருந்து பிடித்துக் காட்டியவர் இன்றுவரை இல்லை. பந்தயம் சான்றாகாது.

இங்கே உம்மம்மாவிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஜின்கள் இருப்பதை நாம் ஈமானின் அடிப்படையில் நம்புகிறோம். குர்ஆனில் அவர்கள் பெயரால் ஒரு ஸூராவே இருக்கிறது. நான் அதில் விவாதம் செய்ய வரவில்லை. ஆனால் ஜின் உண்டு என்பது ஒன்று, இன்ன சத்தம் ஜின்னுடையது என்பது வேறொன்று. முதலாவதற்கு வஹீ இருக்கிறது. இரண்டாவதற்கு என்ன இருக்கிறது? உனக்கு அறிவில்லாத ஒன்றின் பின்னால் போகாதே, காதும் கண்ணும் இதயமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தை ஸூரா அல்இஸ்ராவின் 36ஆம் வசனத்தில் ஓதுகிறோம். காதையும் விசாரிப்பார்கள் என்பதை நான் வாவிக் கரையில் நின்று யோசிப்பதுண்டு.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் குழந்தையாக மௌத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்றாஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் சனங்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு அதைவிட ஆறுதலான கதை வேறு கிடைக்குமா? சும்மா இருந்திருந்தாலே போதும். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. தனக்குச் சாதகமான அற்புதத்தை, துக்கத்தின் நடுவிலேயே மறுத்த அந்த நேர்மை நம் குத்பாக்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் குறை.

நம் முன்னோர்களில் அல்பீரூனி இந்த விசயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர். மரகதக் கல்லைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று அவர் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். பெரிய பெரிய புத்தகங்களிலும் இருந்தது. பீரூனி என்ன செய்தார் தெரியுமா? பாம்பின் கழுத்தில் மரகத மாலையைப் போட்டார். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார், முன்னால் ஆட்டிக் காட்டினார். குளிர் காலம், வெயில் காலம் என்று ஒன்பது மாதம் விடாமல் பார்த்தார். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கண் இன்னும் கூர்மையாகியிருந்தால்தான் உண்டு என்று குறும்பாக எழுதி வைத்தார். மரகதம் விலை கூடிய சாமான். ஒன்பது மாதம் அதைவிட விலை கூடியது.

இலங்கையில் இந்த வேலையைச் சத்தமாகச் செய்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, இங்கு வந்து பல கல்லூரிகளில் தாவரவியல் படிப்பித்தவர். பேய், மாந்திரீகம், தெய்வ சக்தி எதையாவது மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் நிரூபித்தால் ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. கடவுளையும் பேயையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய அவரோடு நமக்கு ஒத்துவராது. ஆனால் "நிரூபி, பார்ப்போம்" என்ற அவருடைய பிடிவாதத்தைப் பார்த்து இளமையில் நான் சொக்கிப்போனேன். ஊருக்குள் நானும் ஒரு சின்னக் கோவூராகத் திரிந்தேன். யாராவது எதையாவது கண்டேன் என்றால், "அதெல்லாம் மனப்பிராந்தி" என்ற சொல் என் நாக்கில் தயாராக இருக்கும்.

அந்தச் சொல்லால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

2011 ஆகஸ்ட். அந்த மாதம் முழுக்க நோன்பு. 'கிறீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்ற பீதி நாடு முழுவதும் பரவி, கிழக்கில் முஸ்லிம் ஊர்களைப் போட்டு ஆட்டிய காலம் அது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு ராவையில் வந்து பெண்களைத் தாக்குகிறான், மதிலுக்கு மதில் பாய்கிறான், பிடித்தால் வழுக்கிவிடுகிறான் என்று கதை. தராவீஹுக்குப் போக பெண்கள் பயந்தார்கள். ஆண்கள் பொல்லோடு சஹர் வரை காவல் இருந்தார்கள். சந்தேகப்பட்ட ஆட்களை ஊரார் துரத்த, அவர்கள் படை முகாமுக்குள் ஓடி ஒளிந்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் எழ, பல இடங்களில் சனங்களும் பாதுகாப்புப் படையினரும் மோதிக்கொண்டார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். எல்லாம் வெறும் வதந்தி என்பது அரச தரப்பின் பதில்.

படித்தவர் என்று என்னை அழைத்து ஊரில் ஒரு கூட்டத்தில் பேச வைத்தார்கள். பூதம் என்று ஒன்றில்லை, பயம் தொற்றுநோய் போல, ஒருவர் கண்டேன் என்றால் பத்துப் பேருக்குத் தெரியும் என்று விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். கூட்டம் முடிந்து வரும்போது எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு விதவைத் தாய் என்னை வழிமறித்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். "சேர், கிணத்தடியில ஒருத்தன் என்ட கையப் புடிச்சான். நான் பூதம் எண்டு சொல்லல்ல. ஆள்தான்" என்றார். மணிக்கட்டைக் காட்டினார். கீறல் இருந்தது.

"பயத்தில அப்பிடித்தான் தோணும் தங்கச்சி. வாளிக் கயிறு பட்டிருக்கும்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த விசயத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. பெருநாள் முடிந்து சில வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு தாத்தாவின் ஊருக்குப் போய்விட்டார். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பூதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆள் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? அவர் கிணற்றடியை நான் போய்ப் பார்த்தேனா? மதிலில் கால் தடம் இருந்ததா என்று கேட்டேனா? அந்தத் தாய் எனக்குக் கொடுத்தது ஒரு சாட்சியம். நான் திருப்பிக் கொடுத்தது, முன்பே தயாரித்து வைத்திருந்த ஒரு விளக்கம். உம்மம்மா சத்தத்தைக் கேட்காமலே ஜின் என்றார். நான் அந்தப் பெண்ணைக் கேட்காமலே கயிறு என்றேன். உம்மம்மாவின் பிழையால் யாருக்கும் வீடு போகவில்லை.

டெனன்டை எனக்கு ஏன் பிடிக்கும் என்று இப்போது விளங்கும். சத்தம் கேட்கிறது என்று மீனவர்கள் சொன்னதை அவர் நம்பி, தோணியில் ஏறினார். அது எதன் சத்தம் என்பதை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்தார். முதல் கேள்விக்குரிய மரியாதையை இரண்டாவது கேள்வியின் சந்தேகம் கெடுக்க அவர் விடவில்லை.

இப்போதெல்லாம் மீன் பாடுவதில்லை என்கிறார்கள். யுத்த காலத்தில் வாவிக்குள் ராத்திரித் தோணி போவது உயிரோடு விளையாடுகிற வேலை, கேட்க ஆளே இருக்கவில்லை. 2013இல் பழைய பாலத்தின் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். வாகன இரைச்சல், இயந்திரத் தோணிகள், கரையெல்லாம் வெளிச்சம். சத்தம் குறைந்திருக்கலாம். கேட்கிறவர்கள் குறைந்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. அதைப் பிரித்தறிய வழி ஒன்றுதான்: நீரொலிவாங்கி ஒன்றைக் கோட்டையடியிலும் ஒன்றைக் கல்லடியிலும் இறக்கி, ஒரு வருசம், எல்லாப் பிறைகளிலும் பதிவு செய்வது. இன்றைக்கு அதற்குப் பெரிய செலவில்லை. வாவியின் நீளம் 56 கிலோமீற்றர், அதன் கரையிலும் அயலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மீனுக்குச் சிலை வைக்கச் செலவான சீமெந்துக் காசில் பாதி போதும்.

அதுவரை கையிலிருப்பது துடுப்புத்தான். போன வருசம் ஓர் அமாவாசை ராவில், மாமாவின் பேரனுடைய தோணியில் போனேன். மாமா மௌத்தாகிக் கன காலம். பையன் என் கிறுக்கைப் பொறுத்துக்கொண்டான். பாலத்தடியில் லொறிகளின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைப் பக்கம் திரும்பி, டெனன்ட் சொன்ன இடம் இதுவாக இருக்கலாம் என்று நான் நினைத்த இடத்தில் துடுப்பை இறக்கினேன். படபடவென்று எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது இறால்களில் ஒரு வகை. கொடுக்கைச் சொடுக்கி நீர்க்குமிழி ஒன்றை உண்டாக்கும், அது உடையும்போது வருகிற வெடி. இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிகளை ஒற்றுக் கேட்டவர்களையே குழப்பிய சத்தம். அதற்கும் கீழே, மெல்லிசாக, வேறொன்றும் இருந்தது போல. ஒரு நிமிசம்தான்.

"கேக்குதா சேர்?" என்றான் பையன்.

துடுப்பை அவன் காதில் வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். "இறால் கேக்குது. மத்தது எனக்கு விளங்கல்ல" என்றான். இருவர் சொன்னதையும் தனித்தனியாகக் கொப்பியில் எழுதினேன். தேதி, நேரம், பிறை, காற்று, இடம்.

இந்தக் கொப்பியில் இதுவரை பதினொரு பதிவுகள்தான் சேர்ந்திருக்கின்றன. இதை வாசிக்கிறவர்களில் வாவியின் சத்தத்தைக் கேட்டவர்கள் இருந்தால், ஆசிரியர் குழுவின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். எந்த வருசம், எந்த மாதம், பிறை என்ன, எந்த இடம், காற்றிலேயே கேட்டதா, துடுப்பிலா, தோணி மரத்திலா, கூட இருந்தவர்களுக்கும் கேட்டதா என்று எழுதினால் போதும். போய்க் காத்திருந்து ஒன்றுமே கேட்காமல் திரும்பிய ராத்திரிகளையும் மறக்காமல் எழுதுங்கள். அவைதான் என்னிடம் குறைவாக இருக்கின்றன.